நீ, நீங்க, நடுவுல ஒரு தொப்பி

ஓட்ஸ் பாக்கெட்டில் அகல விளிம்புத் தொப்பி போட்டுக்கொண்டு ஒரு வெள்ளைமுடித் தாத்தா சிரிப்பாரே, பார்த்திருப்பீங்க. டாக்டர் கொலஸ்ட்ரால் என்று சொன்ன நாளிலிருந்து எங்கப்பா தினமும் அவர் முகத்தில்தான் முழிக்கிறார். குவேக்கர் என்கிற பெயருக்கும் அந்தக் கம்பெனிக்கும் பெயரளவில்தான் சம்பந்தம். 1877-ல் அந்த முத்திரையைப் பதிவு செய்தபோது, குவேக்கர் என்றால் நேர்மையான ஆள் என்று ஊரில் ஒரு பெயர் இருந்தது, அதை எடுத்து டப்பாவில் ஒட்டிக்கிட்டாங்க. அவ்வளவுதான்.

ஆனா அந்தத் தொப்பிக்குப் பின்னாடி ஒரு கதை இருக்கு. தலையிலிருந்து அதைக் கழற்ற மாட்டேன் என்று சொன்னதற்காக ஆட்கள் ஜெயிலுக்குப் போயிருக்கிறார்கள். இன்னொருத்தரைப் பார்த்து 'நீ' என்று சொன்னதற்காகப் பெத்த அப்பாவிடமே அடி வாங்கியிருக்கிறார்கள். நான் இதையெல்லாம் தேடிப் படிக்க ஆரம்பித்ததற்கு ஒரு சொந்தக் காரணம் உண்டு. அது கடைசியில்.

இங்கிலீஷில் 'நீ'யும் 'நீங்க'வும் ஒண்ணுதான், அதனால அது ரொம்ப சமத்துவமான பாஷை என்று நம்ம ஆட்கள் அடிக்கடி சொல்வார்கள். பாதி உண்மை. ஒரு காலத்தில் அங்கேயும் ரெண்டு இருந்தது. ஒருத்தரைச் சொன்னால் 'தௌ', பல பேரைச் சொன்னால் 'யூ'. பதிமூணாம் நூற்றாண்டு வாக்கில், பிரெஞ்சுக்காரர்களின் மேல்தட்டு மரியாதைப் பழக்கம் ஒட்டிக்கொண்டு, பெரிய மனுஷன் ஒருத்தனாக நின்றாலும் 'யூ' என்று பன்மையில் கூப்பிடத் தொடங்கினார்கள். வேலைக்காரன், குழந்தை, நெருங்கின நண்பன், இவங்களுக்கெல்லாம் 'தௌ'. அப்படியே நம்ம நீ, நீங்க கதைதான்.

1603-ல் சர் வால்ட்டர் ராலே மேல் ராஜத்துரோக வழக்கு நடந்தது. அரசு வக்கீல் எட்வர்ட் கோக் கோபத்தின் உச்சியில் அவரைப் பார்த்து, உன்னை நான் 'தௌ' போட்டுத்தான் பேசுவேன் என்கிற அர்த்தத்தில் கத்தினார். அந்தச் சொல்லையே ஒரு வினைச்சொல்லாக்கிவிட்டார் மனுஷன். "மரியாதையா பேசு, என்ன நீ வா போங்கற?" என்று டீக்கடையில் நடக்கும் சண்டையைப் பார்த்தவர்களுக்கு இதற்கு விளக்கம் தேவைப்படாது.

1960-ல் ரோஜர் பிரவுன், ஆல்பர்ட் கில்மன் என்று ரெண்டு அமெரிக்கர்கள் இதைப்பற்றி ஒரு புகழ்பெற்ற கட்டுரை எழுதினார்கள். ஐரோப்பிய மொழிகளின் நீ-நீங்கவை ரெண்டு விசைகள் இழுக்கின்றன என்பது அவர்கள் கட்சி. ஒன்று அதிகாரம், இன்னொன்று நெருக்கம். நம்மில் பாதி வீடுகளில் அம்மாவுக்கு 'நீ', அப்பாவுக்கு 'நீங்க' என்று இருக்கிறதே, அதை யோசித்துப் பாருங்க. அம்மாவுக்கு மரியாதை கம்மியா, இல்லை அப்பாவிடம் பாசம் கம்மியா? ரெண்டுக்கும் பதில் சொல்ல ஆரம்பித்தால் வீட்டில் சோறு கிடைக்காது :-)

நிற்க. ஜார்ஜ் ஃபாக்ஸ் கதைக்கு வருவோம்.

1624-ல் இங்கிலாந்தின் லெஸ்டர்ஷயர் பக்கம் ஒரு நெசவாளி வீட்டில் பிறந்தவர். செருப்புத் தைக்கும் தொழிலாளியிடம் வேலை பழகினார். உள்நாட்டுப் போர் நடந்து, ராஜாவின் தலையையே 1649-ல் வெட்டிப்போட்ட காலம் அது. ஊர் ஊராகப் போய், கடவுளின் வெளிச்சம் எல்லா மனுஷனுக்குள்ளும் இருக்கிறது, பாதிரி வேண்டாம், கோயில் கட்டடம் வேண்டாம் என்று பேசினார். 1650-ல் டெர்பியில் ஒரு மாஜிஸ்திரேட் முன் நிறுத்தினார்கள். கடவுளின் வார்த்தைக்கு முன் நடுங்குங்கள் என்று இவர் சொல்ல, அந்த மாஜிஸ்திரேட் கிண்டலாக 'நடுங்கிகள்' என்று பெயர் வைத்தார். குவேக்கர் என்றால் அதுதான் அர்த்தம். அவர்கள் தங்களை நண்பர்கள் என்றுதான் சொல்லிக்கொண்டார்கள், ஆனா ஊர் வைத்த பட்டப்பெயர்தான் நின்றது. எந்த ஊரில்தான் நிற்கவில்லை!

எல்லாருக்குள்ளும் ஒரே வெளிச்சம் என்றால், ஒருத்தனுக்குக் குனிந்து இன்னொருத்தனிடம் நிமிர்வது எப்படிச் சரி? இந்த ஒரு கேள்வியைப் பிடித்துக்கொண்டு கடைசிவரை போனார்கள். யாருக்கும் தொப்பியைக் கழற்றுவதில்லை, குனிந்து வணங்குவதில்லை, 'உங்கள் தாழ்மையான ஊழியன்' என்று சொல்வதில்லை. பிரபுவோ பிச்சைக்காரனோ, எல்லாருக்கும் 'தௌ'.

அந்தக் காலத்தில் ஆண்கள் வீட்டுக்குள்ளும் தொப்பி போட்டுக்கொண்டுதான் திரிவார்கள். மேலான ஆள் எதிரே வந்தால் கழற்ற வேண்டும், அதுதான் சட்டம் மாதிரி. நம்ம ஊரில் தோளில் கிடக்கும் துண்டை எடுத்து இடுப்பில் கட்டச் சொன்னார்களே, செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு தெருவைத் தாண்டச் சொன்னார்களே, அதே இலக்கணம். குவேக்கர்கள் தொப்பியைக் கழற்றிய இடம் ஒன்றுதான், ஜெபம் செய்யும்போது. கடவுளுக்குக் கொடுக்கிறதை மனுஷனுக்குக் கொடுக்க முடியாது என்றார்கள்.

1656-ல் கார்ன்வால் பக்கம் லான்ஸ்டன் ஊர் நீதிமன்றத்தில் ஃபாக்ஸைக் கொண்டுவந்து நிறுத்தினார்கள். தலைமை நீதிபதி கிளின், தொப்பியை எடு என்கிறார். பைபிளில் எந்த இடத்தில் நீதிபதி முன் தொப்பியை எடுக்கச் சொல்லியிருக்கிறது, காட்டு என்கிறார் இவர். நீதிபதி கடுப்பாகி இழுத்துப் போகச் சொல்லிவிட்டு, கொஞ்ச நேரத்தில் ஒரு பாயின்ட் கிடைத்துவிட்ட சந்தோஷத்தில் திரும்பக் கூப்பிடுகிறார். மோசேயிலிருந்து தானியேல் வரைக்கும் யாராவது தொப்பி போட்டிருந்தானா, சொல்லு, இப்ப மாட்டினியா என்கிற தொனியில். தானியேல் மூன்றாம் அதிகாரம், நெருப்புச் சூளையில் தள்ளப்பட்ட மூணு பேரும் தொப்பியோடுதான் போனார்கள் என்று இவர் பதில் சொன்னார். நீதிபதிக்கு அதற்கு மேல் வாதம் இல்லை. மறுபடியும் கொண்டுபோகச் சொன்னார். அபராதம், ஜெயில் எல்லாம் உண்டு. ஃபாக்ஸே தன் குறிப்புகளில் சொல்லும் கதை என்பதால் அவர் பக்கம் கொஞ்சம் தூக்கலாக இருக்கலாம்தான். இருந்தாலும் படிக்கும்போது விசில் அடிக்கத் தோணியது.

'தௌ' விஷயத்தில் அவர்கள் வாதம் ரெண்டு. ஒன்று, ஒருத்தரைப் பன்மையில் சொல்வது பொய். இதை நிரூபிக்க 1660-ல் ஃபாக்ஸும் அவர் கூட்டாளிகள் ரெண்டு பேரும் சேர்ந்து ஒரு தடி புத்தகமே போட்டார்கள். முப்பதுக்கும் மேற்பட்ட மொழிகளை எடுத்து, எல்லாவற்றிலும் ஒருமை வேறு, பன்மை வேறு, படித்த வாத்தியார்களே, இதுகூடத் தெரியாதா என்று கேட்கிற புத்தகம். தொல்காப்பியர் கையில் கிடைத்திருந்தால் சிரித்திருப்பார். ஒருத்தரைப் பன்மையில் சொல்வது வழக்கில் வந்த உயர்சொல், இலக்கணத்தின் வழி அது இல்லை என்று சொல்லதிகாரத்தில் எப்பவோ ஒரு சூத்திரத்தில் முடித்துவிட்டார். இலக்கணப்படி தப்பு என்று ஃபாக்ஸும் சொல்கிறார், தொல்காப்பியரும் சொல்கிறார். ஆனா தொல்காப்பியர் ஊர் அப்படித்தான் பேசும் என்று ஒதுங்கிக்கொண்டார். இவர் ஊரையே மாத்துறேன் பார் என்று கிளம்பினார்.

ரெண்டாவது வாதம் எனக்கு இன்னும் பிடித்தது. கடவுளை ஜெபத்தில் 'தௌ' என்றுதான் கூப்பிடுகிறாய், அது அவருக்குப் போதும், உள்ளூர் ஜமீனுக்குப் போதாதா? இங்கேயும் அதே கதைதான். பிள்ளையாரிடம் எங்க அப்பாயி, "உனக்குக் கண்ணு இல்லையா?" என்றுதான் சண்டை போடும். முருகனை வாடா போடா என்கிறோம். அதே வாய் வட்டாட்சியர் ஆபீஸ் வாசலில் "ஐயா நீங்க பார்த்து" என்கிறது.

இதில் அடி வாங்கியவர்களில் தாமஸ் எல்வுட் என்கிற பையனைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். 1639-ல் பிறந்தவன். அப்பா ஆக்ஸ்ஃபோர்டு பக்கம் மாஜிஸ்திரேட், கௌரவமான குடும்பம். இருபது, இருபத்தொரு வயதில் பையன் குவேக்கர்களோடு சேர்ந்துவிட்டான். முதல் சோதனை வெளியில்தான். ஊரில் பழைய தோஸ்துகள் எதிரே வந்து, தொப்பியைக் கழற்றிக் குனிந்து, வழக்கமான சலாம் போடுகிறார்கள். இவன் கட்டை மாதிரி அப்படியே நிற்கிறான். ஒருத்தருக்கொருத்தர் முழித்துப் பார்க்கிறார்கள். அப்புறம் ஒருத்தன், அட, நீ குவேக்கரா என்று தோளைத் தட்ட, ஆமாம் என்று சொல்லி விடுகிறான். அந்தச் சொல்லை வாய்விட்டுச் சொன்னதும் மனசு லேசானது என்று தன் சுயசரிதையில் எழுதியிருக்கிறார்.

வீட்டில் அவ்வளவு லேசாக இல்லை. அப்பா முன்னால் தொப்பியோடு நின்று 'தௌ' என்றதும் ரெண்டு கையாலும் அடி விழுந்தது. தொப்பியைப் பிடுங்கி எறிந்தார். இன்னொன்றைப் போட்டு வந்தான், அதுவும் போனது. இப்படி வீட்டிலிருந்த தொப்பி எல்லாம் தீர்ந்து போச்சு. தலையில் ஒன்றும் இல்லாமல் வெளியே போக முடியாத காலம் என்பதால் அந்தக் குளிர்காலம் முழுக்க வீட்டுக்குள்ளேயே அடைந்து கிடந்தான். தலையில் குளிர் ஏறி உடம்புக்கு வந்ததுதான் மிச்சம். இனிமேல் என்னை 'தௌ' என்றால் பல்லை உடைப்பேன் என்று அப்பா மிரட்டியதையும் எழுதி வைத்திருக்கிறார். (இதே எல்வுட்தான் பின்னால் கண் தெரியாத மில்டனுக்கு லத்தீன் புத்தகங்கள் வாசித்துக் காட்டியவர்.)

அந்த அப்பாவை வில்லனாகப் பார்க்க எனக்கு மனசு வரவில்லை. அவருக்குக் காதில் விழுந்தது ஒரு பிரதிபெயர் இல்லை. வளர்த்த பிள்ளை சபையில் வைத்துத் தன்னை வேலைக்காரன் மாதிரி கூப்பிடுகிறான் என்பதுதான் விழுந்தது. பிள்ளை சொல்ல வந்தது அது இல்லை. ஆனா ஒரு சொல்லுக்கு என்ன அர்த்தம் என்பதைச் சொல்கிறவன் மட்டும் முடிவு செய்ய முடியாதே.

1670-ல் லண்டன் ஓல்ட் பெய்லியில் நடந்த வழக்கு முழு காமெடி. பென்சில்வேனியாவுக்குத் தன் குடும்பப் பெயரைக் கொடுத்தாரே வில்லியம் பென், அவரும் வில்லியம் மீடும் தெருவில் கூட்டம் போட்டதாக வழக்கு. உள்ளே வரும்போது காவலாளி இவர்கள் தொப்பியை எடுத்துவிட்டார். பிரச்சனையே இல்லை, இல்லையா? நீதிபதிகள் விடவில்லை. தொப்பியைத் திரும்ப அவர்கள் தலையில் வை என்று உத்தரவு. வைத்தார்கள். இப்ப ஏன் தொப்பியைக் கழற்றவில்லை, நீதிமன்ற அவமதிப்பு, ஆளுக்கு நாற்பது மார்க் அபராதம்! பென் சும்மா விடுவாரா, எங்கள் தலையில் வைத்தது நீங்கள்தானே என்று கேட்டார்.

அந்த வழக்கில் ஜூரி இவர்களைக் குற்றவாளி என்று சொல்ல மறுத்தது. சோறு, தண்ணி, கணப்பு எதுவும் இல்லாமல் ரெண்டு ராத்திரி பூட்டி வைத்தும் மசியவில்லை. ஜூரிகளுக்கும் அபராதம். அவர்களில் புஷெல் என்பவர் கட்ட மறுத்து ஜெயிலிலிருந்தே வழக்குப் போட, தீர்ப்புக்காக ஜூரியைத் தண்டிக்கக் கூடாது என்று முடிவானது. ஆங்கிலச் சட்ட வரலாற்றில் பெரிய மைல்கல். தொப்பியில் ஆரம்பித்தது எங்கே போய் நிற்கிறது பாருங்க. (தொப்பிக்காக மட்டும் எல்லாரும் ஜெயிலுக்குப் போகவில்லை. சத்தியப் பிரமாணம் எடுக்க மாட்டோம், தேவாலய வரி கட்ட மாட்டோம், தடை போட்டாலும் கூடுவோம் என்று வேறு பல வழக்குகளும் உண்டு. ஆயிரக்கணக்கில் சிறைக்குப் போனார்கள், நூற்றுக்கணக்கில் உள்ளேயே செத்தார்கள்.)

இதுவரைக்கும் ஹீரோ கதை. இதுக்கு அப்புறம்தான் எனக்கு சுவாரஸ்யமே.

1689-ல் சகிப்புச் சட்டம் வந்து அடி உதை குறைந்தது. வியாபாரத்தில் பேரம் பேசுவதில்லை, ஒரே விலை என்கிற அவர்கள் பழக்கம் முதலில் கடையைக் காலியாக்கினாலும், சின்னப் பிள்ளையை அனுப்பினாலும் ஏமாற்ற மாட்டான் என்கிற பெயரை வாங்கிக் கொடுத்தது. பார்க்லேஸ், லாயிட்ஸ் வங்கிகளுக்கும் கேட்பரிக்கும் வேர் குவேக்கர் குடும்பங்கள்தான். இதற்கிடையில் சுற்றியிருந்த இங்கிலாந்தில் 'தௌ' தானாகவே செத்துக்கொண்டிருந்தது. யாரை எப்படிக் கூப்பிடுவது என்கிற குழப்பத்தில், வம்பே வேண்டாம் என்று எல்லாரும் எல்லாருக்கும் 'யூ' போட ஆரம்பித்துவிட்டார்கள். குவேக்கர்கள் எல்லாரையும் கீழே இறக்கிச் சமமாக்கப் பார்த்தார்கள், ஊர் எல்லாரையும் மேலே ஏற்றிச் சமமாக்கிவிட்டது!

அப்ப இவங்க ஜெயிச்சாச்சே, 'யூ'வுக்கு மாறிட வேண்டியதுதானே? மாறவில்லை. எந்தச் சொல் யாருக்கும் வித்தியாசம் காட்டாமல் இருக்கத் தேர்ந்தெடுக்கப்பட்டதோ, அதுவே இவன் நம்ம ஆள், அவன் வெளி ஆள் என்று காட்டும் அடையாளமாகிவிட்டது. உடுப்பும் அப்படியே. ஆடம்பரம் வேண்டாம் என்று தொடங்கியது, இந்த நிறம், இந்த வெட்டு, இந்த அகல விளிம்பு என்று யூனிஃபார்ம் ஆனது. கிழமைப் பெயர்களும் மாதப் பெயர்களும் பழைய தெய்வங்களின் பெயர் என்பதால் முதல் நாள், இரண்டாம் மாதம் என்று எண்ணிச் சொன்னார்கள். (நம்ம ஞாயிறு, திங்கள், செவ்வாய்க்கு என்ன சொல்லியிருப்பார்களோ!) வெளியில் கல்யாணம் செய்தால் சபையை விட்டு நீக்கம். கேட்ட மாதிரி இருக்கா?

இதை முதலில் கண்டுபிடித்துத் திட்டியவர் வெளி ஆள் இல்லை. மார்கரெட் ஃபெல் என்கிற அம்மா. இயக்கத்தை ஆரம்ப நாளிலிருந்து தாங்கிப் பிடித்தவர், ஜெயிலுக்குப் போனவர், பின்னாளில் ஃபாக்ஸையே மணந்தவர். 1700-ல், எண்பது தாண்டிய வயதில் எழுதிய கடிதத்தில், எல்லாரும் ஒரே நிறத்தில் ஒரே மாதிரி உடுத்த வேண்டும் என்பதெல்லாம் அற்பமான, அசட்டுத்தனமான உபதேசம் என்று போட்டு வாங்கியிருக்கிறார். கேட்டார்களா? அடுத்த ஒன்றரை நூற்றாண்டு அதே சாம்பல் நிறம்தான்.

பேச்சு இன்னும் விசித்திரமாகப் போனது. இலக்கணம், இலக்கணம் என்று முப்பது மொழிகளை அடுக்கிச் சண்டை போட்டவர்களின் பேரப்பிள்ளைகள், எழுவாயாக 'தௌ' சொல்வதை விட்டுவிட்டு, செயப்படுபொருள் வடிவமான 'தீ'யை எழுவாயாக்கி, அதோடு படர்க்கை வினையைச் சேர்த்து 'தீ இஸ்' என்று பேசினார்கள். 'உன்னை வருகிறான்' என்கிற மாதிரி. ஃபாக்ஸ் கேட்டிருந்தால் நிஜமாகவே நடுங்கியிருப்பார். யாரும் சொல்லிக் கொடுத்து இது வரவில்லை. அம்மா பேசினாள், பிள்ளை பேசியது, அவ்வளவுதான். 1860 வாக்கில் லண்டன் சபை இந்தப் பேச்சும் உடையும் கட்டாயம் இல்லை என்று தளர்த்தியது. பென்சில்வேனியாவில் சில வீடுகளில் இருபதாம் நூற்றாண்டிலும் இருந்தது, ஆனா புருஷன் பெண்டாட்டி பிள்ளைகளுக்குள் மட்டும். ராஜாவைச் சீண்டிய சொல் கடைசியில் கொஞ்சுகிற சொல்லாக வீட்டுக்குள் போய் உட்கார்ந்துகொண்டது.

இதற்கு நேர் எதிரான கதை ஒன்று ஸ்வீடனில். அங்கே 'நீங்க'வுக்கான சொல் எப்படியோ மட்டமாகிப் போய், 'நீ'யும் சொல்ல முடியாமல், ஜனங்கள் பதவிப் பெயரைச் சொல்லியோ ஆளே இல்லாத வாக்கியம் அமைத்தோ சமாளித்தார்கள். காபி வேண்டுமா என்பதற்குப் பதில் காபி விரும்பப்படுகிறதா என்கிற மாதிரி! 1967-ல் மருத்துவத் துறையின் தலைமைக்கு வந்த ப்ரூர் ரெக்செட், இனி ஆபீஸில் எல்லாரையும் 'டூ', அதாவது 'நீ', என்றுதான் கூப்பிடப் போகிறேன் என்று அறிவித்தார். காற்று ஏற்கெனவே அந்தப் பக்கம்தான் அடித்துக்கொண்டிருந்தது. கொஞ்ச வருஷத்தில் நாடே மாறிப்போச்சு. மேலே இருக்கிறவன் சொன்னால் மாறுகிறது, கீழே இருக்கிறவன் சொன்னால் பல்லு போகிறது.

சரி, என் காரணம்.

பெங்களூரில் ஆறு வருஷமாகப் பொட்டி தட்டுகிறேன். என்னை விட இருபத்தைந்து வயது மூத்த டைரக்டரைப் பெயர் சொல்லிக் கூப்பிடுகிறேன், எல்லாமே 'யூ'. முதல் வாரம் நாக்கு கூசியது, அப்புறம் பழகிவிட்டது. எங்க ஊர் லால்குடிப் பக்கம். அங்கே எங்க வயலில் ரெண்டு தலைமுறையாக வேலை பார்த்த ஒருத்தர் இருக்கிறார். எழுபது தாண்டிவிட்டது. திருவிழாவுக்கு என்னைத் தோளில் தூக்கிப் போனவர். அஞ்சு வயசில் நான் அவரைப் பேர் சொல்லி "இங்க வா"ம்பேன், அவர் என்னை "வாங்க தம்பி" என்பார். இந்தப் பதிவில்தான் 'அவர்' என்று எழுதுகிறேன். வீட்டில் யாரும் அப்படிச் சொல்லி நான் கேட்டதில்லை. திண்ணை தாண்டி வந்தும் பார்த்ததில்லை.

எல்வுட் கதையெல்லாம் படிப்பதற்கு முன்னால், ஒரு பொங்கலுக்குப் போனபோது, வாசலில் அவரைப் பார்த்து "வாங்க, உக்காருங்க" என்றேன். அவர் திரும்பிப் பின்னாடி யார் வருகிறார்கள் என்று பார்த்தார்.

யாரும் இல்லை. என்னைப் பார்த்தார். உட்காரவில்லை. சாயங்காலம் அப்பாயியிடம் போய், "தம்பிக்கு எம்மேல என்னம்மா கோவம்?" என்று கேட்டிருக்கிறார். அப்பாயி என்னிடம், "ஏன்டா, பெங்களூர் போயி பெரிய மனுசன் ஆயிட்டியா? அவன எதுக்குடா சங்கடப்படுத்துற?" என்றது.

எனக்கு ஒரு அடியும் விழவில்லை, ஒரு தொப்பியும் போகவில்லை. நான் காட்டிய மரியாதைக்குக் கூசி நின்றது அவர்தான். அப்புறம் எனக்கே இன்னொன்றும் உறைத்தது. அன்றைக்கும் அவருக்குக் காபி தனி டம்ளரில்தான் வந்தது. கிணற்றடி மாடத்தில் கவிழ்த்து வைத்திருக்கும் அதே டம்ளர். அதைப் பற்றி நான் அப்பாயியிடம் வாயே திறக்கவில்லை. 'நீங்க' என்று சொல்வது சுலபமாக இருந்தது.

போன மாசம் ஊருக்குப் போனேன். வரப்பு மேல் எதிரே வந்தார். பழையபடி 'நீ' என்று சொல்ல வாய் வரவில்லை, 'நீங்க'வுக்கும் பயம். ஸ்வீடன்காரன் மாதிரி ஆளில்லாத வாக்கியமாகத் தேடிப் பிடித்தேன்.

"சாப்டாச்சா?"

"ஆச்சு தம்பி. பஸ்ஸா, ரயிலா?"

"பஸ்சு."